துண்டுக்குக் கீழே இருந்த கை

சுரேந்தர் எனக்குத் தர வேண்டிய நஷ்டஈடு மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். ஓசூரில் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் அவர். ஜூன் மாதம் பிரஸ் மெஷினில் என் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. தனக்குத் தெரிந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போய் ஒரு காகிதத்தை நீட்டினார். அப்போதுதான் என் பெயரை எழுதப் பழகியிருந்தேன். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போன வருடமே பாரூரில் கரும்பு ஆலையில் விரல் போய்விட்டது என்று அதில் இருந்தது. தொழிலாளர் அலுவலகத்தில் வழக்குப் போட்டேன். கூட வேலை செய்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை. வந்தால் மறுநாள் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

எனக்கிருந்த ஒரே சாட்சி ஒரு படம். ஓவியர் ஆனந்தராஜ் வரைந்தது.

டெல்லி வரை பெயர் போனவர் அவர். கூலிக்காரர்களை மட்டும் எதிரில் உட்கார வைத்து வரைவார், அரைநாள் கூலியும் கொடுப்பார். முதலில் கை, கடைசியில் முகம். "மொகம் பாக்கறவனுக்கு ஏத்த மாதிரி மாறிக்கும் கரியப்பா, கைக்கு அது தெரியாது" என்பார். தளி ரோட்டு வீட்டில் இலியாஸ் அண்ணனோடு இருபத்திரண்டு வருடமாகக் குடித்தனம். இலியாஸ் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் ஓவியரின் பெயரைப் பெருமையாகச் சொல்வார்கள், வீட்டைப் பற்றிக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஒரு பாராட்டு விழாவில் இலியாஸைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார்களாம். பொன்னாடையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

விரல் போன அதே வருடம், ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை பதினோரு ஞாயிறு அவர் முன் உட்கார்ந்தேன். ஆனால் படத்தில் என் கை இல்லை. கிரீஸ் ஏறி வெடித்த கையைக் கண்காட்சிக்கு வரும் பெங்களூர்க்காரர்கள் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு, மறைக்கச் சொன்னது நான்தான். அவர் மடியில் ஒரு துண்டை வரைந்து மூடிவிட்டார். ஏப்ரலில் கண்காட்சிப் புத்தகத்தில் அச்சானதும் துண்டோடுதான்.

"துண்டுக்கு அடியில கை இருக்குதாண்ணா?" என்று விரல் போன பிறகு கேட்டேன்.

"வரைஞ்சேன். துண்டு போடறதுக்கு முன்னாடி வழிச்சு எடுத்தனா, அப்பிடியே மேல போட்டனான்னு ஞாபகம் இல்ல. சொரண்டித்தான் பாக்கணும்."

படத்தை ஒரு கம்பெனி எட்டு லட்சத்துக்குப் பேசி, இரண்டு லட்சம் முன்பணமும் கொடுத்திருந்தது.

"சொரண்டுனா அதுவும் போச்சு" என்றார் இலியாஸ். "சுரேந்தரோட வக்கீல் என்னைப் பத்தியும் கேப்பான்."

"கேக்கட்டும். நீயும் வா" என்றார் ஆனந்தராஜ்.

விசாரணைக்கு முந்தின நாள் டீக்கடையில் சுரேந்தர் என் தோளில் கை போட்டார். "பதினோரு ஞாயித்துக்கெழம அந்த வீட்ல படம் மட்டுந்தான் வரைஞ்சாங்களாப்பா? நாளைக்கு எல்லார் முன்னாடியும் கேக்க வேண்டி வரும். பொண்ணு கட்டிக்குடுக்கற வயசுல இருக்குதில்ல?"

வீட்டுக்கு வந்து என் மனைவி கெம்பம்மாவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "இந்தப் பேச்சக் கேட்டு மாப்ள வராம போனா, அந்த மாப்ள நமக்கெதுக்கு? போய்ட்டு வா."

கிருஷ்ணகிரி தொழிலாளர் அலுவலகத்தில் மேசைமேல் படத்தைக் கிடத்தினார்கள். கண்காட்சிப் புத்தகத்தில் இருந்த ஏப்ரல் தேதியை அதிகாரியம்மா குறித்துக்கொண்டார். சுரேந்தரின் வக்கீல் எழுந்து ஆனந்தராஜிடம் கேட்டார்.

"உங்க வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"இலியாஸ். அதோ உக்காந்திருக்காரு."

"வாடகைக்கா?"

"இல்ல. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழறோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆனந்தராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. "கேஸுக்கு வேண்டியத மட்டும் கேளுங்க" என்றார் அதிகாரியம்மா. வக்கீல் உட்கார்ந்தார்.

பஞ்சைச் சாயம் கரைக்கும் மருந்தில் நனைத்துப் படத்திலிருந்த துண்டின்மேல் வைத்து, சிறு கத்தியால் ஆனந்தராஜ் வழிக்கத் தொடங்கினார். டர்பன்டைன் நெடி அறை முழுக்கப் பரவியது. வெள்ளை போனது. அடியில் பழுப்பு. வெறும் பழுப்பு. வழித்தே எடுத்துவிட்டாரோ? அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஓர் அங்குலம் கீழே போனார். இடது கையின் கட்டைவிரல் வந்தது. பிறகு ஆள்காட்டி விரல், நடுவிரல். அதற்குள் பஞ்சு முழுக்கச் சாயம் ஏறிவிட்டது. இலியாஸ் எழுந்து வந்து பஞ்சை மாற்றிக் கொடுத்தார். மோதிர விரல் வந்தது, நகத்தில் கறுப்போடு. அதை ஒட்டிச் சுண்டு விரல்.

அதிகாரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து எண்ணினார். சுரேந்தர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சுரேந்தர் பணம் கட்ட முப்பது நாள் கெடு விதித்தார்கள். இருபத்தாறாம் நாள் முழுத் தொகையும் என் கணக்கில் ஏறியது. படத்தை வாங்க இருந்த கம்பெனி, சுரண்டிய படம் வேண்டாமென்று முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தது. நான் ஒரு லட்சம் எடுத்துக்கொண்டு தளி ரோட்டுக்குப் போனேன். ஆனந்தராஜ் அதைப் பார்க்காத மாதிரி தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்.

"அது எங்க கடன், கரியப்பா. கடை வருமானத்த வெச்சு நாங்க கட்டிக்கறோம்" என்றார் இலியாஸ். "சோறு ஆவுது. உக்காரு."