ஆண்டவர் பேசும் இடம்

எங்கள் வீட்டில் ஆண்டவருக்குக் குரல் கிடையாது. பக்திக் குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், எல்லாம் ஒரு சண்டையால் வந்த வினை.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து வேதாகமக் கதை வாசிப்பது எங்கள் வழக்கம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கொட்டாவி விடும் வேலையெல்லாம் கிடையாது. ஆளுக்கொரு புத்தகம், ஆளுக்கொரு பாத்திரம். கெட்டவர்கள் மொத்தமும் என் நாத்தனாருக்கு. பகலெல்லாம் தையல் கடையில் குனிந்த தலை நிமிராமல் சட்டைக் காலர் தைக்கிறவள், சாயங்காலம் இராட்சதன் கோலியாத்தாக வந்து நின்றால் மேசைமேல் டம்ளர் அதிரும். பார்வோன், ஏரோது, தம்பி யோசேப்பைக் குழியில் தள்ளிய அண்ணன்மார் எல்லாம் அவள் ஒருத்தியே. என் கணவர் கதையை நடத்திச் செல்கிறவர். பெண்களும் மிருகங்களும் என் பங்கு. கதையில் வாய்திறந்து பேசுகிற பிலேயாமின் கழுதையாக நான் ஒருமுறை பேசியதற்குப் பிறகு என் குரல் எதற்குப் பொருத்தம் என்பதில் இந்த வீட்டில் கருத்து வேறுபாடே இல்லை. மிச்சமிருக்கிற நல்லவர்கள் என் மகனுக்கு.

மோசே எரிகிற முட்செடியைப் பார்த்த கதை வந்த அன்றுதான் தகராறு. செடிக்குள்ளிருந்து பேசுகிற ஆண்டவர் யார்?

"நான்தான்," என்றான் மகன்.

"நீ மோசேடா. நீயே கேட்டு நீயே பதில் சொல்லுவியா?" என்றாள் அவன் அத்தை.

"நீங்க நாளைக்குப் பார்வோன். பார்வோன் எப்படி ஆண்டவரா பேச முடியும்?"

என் கணவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். ஜன்னலோர இருக்கைச் சண்டைக்கெல்லாம் வண்டியை நிறுத்தாமலே தீர்ப்புச் சொல்லிப் பழகியவர். "ஆண்டவர் யாருக்கும் கிடையாது," என்றார். "அவர் பேசுற இடம் வந்தா அவங்கவங்க மனசுக்குள்ள வாசிச்சுக்குங்க. முடிச்சவங்க தலைய நிமிர்த்துங்க. எல்லாரும் நிமிர்ந்ததும் மேல போவோம்."

அதுவே சட்டமாகிவிட்டது. ஆண்டவர் பேசும் இடம் வந்ததும் நான்கு தலைகள் குனியும், சத்தம் அடங்கும். பிறகு தலைகள் நிமிரும். என் மகன் மோசேயாகி, எனக்குப் பேச்சு வராதே, நான் எப்படிப் போவேன் என்று பதில் சொல்லுவான். பக்கத்து அறையில் யாரோ போனில் பேசுவதைக் கேட்பதுபோல இருக்கும். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்கும்.

இந்தச் சட்டம் வந்தபோது என் இளையவளுக்கு மூன்று வயது. மிளகு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது இருந்த அளவுக்கும் அப்புறம் தெரியவந்த காரத்துக்கும் சேர்த்து வைத்த பெயர். அவளுக்கு எழுத்து தெரியாது. என் மடியில் உட்கார்ந்து எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் குனிந்தால் அவளும் குனிவாள், நிமிர்ந்தால் நிமிர்வாள். தலையை மெல்ல ஆட்டவும் செய்வாள். பெரிய மனுஷி என்று சிரிப்போம்.

இப்போது ஐந்து வயது. போன மாதம் ஒரு நாள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, "அம்மா, எனக்குக் காது சரியா கேக்கல," என்றாள்.

"தண்ணி போயிருக்கும். தலையச் சாய்."

"தண்ணி இல்ல. ரொம்ப நாளா கேக்கல."

என் கை நின்றுவிட்டது. வேறு எந்தத் தாயாக இருந்தாலும் குழந்தை விளையாடுகிறது என்று விட்டிருப்பாள். என் பிழைப்பே காது பரிசோதனை. மருத்துவமனையில் சத்தம் புகாத சின்ன அறைக்குள் குழந்தைகளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் பட்டன் கொடுத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மெல்லிய ஓசைகளை அனுப்புகிறவள் நான். கேட்டால் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். காலம் கடந்து கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோரிடம், இத்தனை நாளா வீட்ல யாரும் கவனிக்கலையா என்று எரிந்து விழுகிறவளும் நான்தான். அந்தக் கேள்வி இப்போது என்னைப் பார்த்து நின்றது. அன்று முழுக்க வீட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கரண்டியைக் கீழே போட்டுப் பார்த்தேன், பெயரைக் கிசுகிசுத்துப் பார்த்தேன். சில தரம் திரும்பினாள், சில தரம் திரும்பவில்லை.

மறுநாள் கடைசி நோயாளி போனபிறகு அவளை அந்த அறையில் உட்காரவைத்தேன். பெரிய நாற்காலியில் கால் எட்டாமல், பட்டனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் ஓசைக்கு அழுத்தினாள். குறைத்தேன், அழுத்தினாள். இன்னும் குறைத்தேன், அதற்கும் அழுத்தினாள். எனக்கே கேட்காத ஓசைகூட அவளுக்குக் கேட்டது. அப்பாடா என்று மூச்சுவிடப் போனபோது, நான் ஒன்றுமே அனுப்பாதபோது அழுத்தினாள். சும்மா இருந்தேன், மறுபடியும் அழுத்தினாள். முகத்தை என்னவோ புரிந்ததுபோல வைத்துக்கொண்டு தலையை வேறு ஆட்டினாள்.

குழந்தைகள் ஊகித்து அழுத்துவது புதிதில்லை. ஆனால் இந்தத் தலையாட்டலை நான் எங்கோ பார்த்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். பயந்து பயந்து அடக்கியதெல்லாம் கோபமாக வந்தது.

"ஏன்டி, கேக்காதப்ப எதுக்கு அமுத்துற? காதுன்னா ஒனக்கு விளையாட்டா?"

அவள் உதடு பிதுங்கியது. "நீ என்னையே பாத்துட்டிருந்த. கேட்டிருக்கணும்போலன்னு நெனச்சேன்."

"கேட்டா மட்டும் அமுத்துன்னு சொன்னேன்ல?"

"வீட்லயும் அப்டித்தான் பண்றேன். கேக்காதப்ப தலையாட்டுவேன்."

"வீட்ல எப்ப கேக்கல?"

பட்டனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆண்டவர் பேசுறப்ப. ஒங்க எல்லாருக்கும் கேக்குது. அண்ணன் பதில்கூட சொல்றான். எனக்கு மட்டும் ஒரு நாளும் கேக்கல."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அறையின் சுவர்கள் வெளிச் சத்தம் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். என் மூச்சு எனக்குக் கேட்டது. இரண்டு வருஷமாக ஒரு குழந்தை, வானத்தையும் பூமியையும் படைத்தவர் எங்கள் சாப்பாட்டு மேசைக்குத் தினம் வந்து பேசிவிட்டுப் போகிறார் என்று நம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். அதே நேரத்தில், அதே மௌனத்தில், நான் இரண்டு வரியை ஓட்டமாக ஓட்டிவிட்டு நாளைக்கு என்ன காய் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டிய விஷயம்தான், ஆனாலும் வரவில்லை.

"அவருக்கு என்னைப் பிடிக்கலையாம்மா?" என்று கேட்டாள்.

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் மற்றவர்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். மகன் முதலில் களுக்கென்று சிரித்தான், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். என் கணவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"உண்மையச் சொல்லிட வேண்டியதுதான். அது எழுத்து, நாங்க வாசிக்கிறோம்னு," என்றேன்.

"சொன்னா, அப்ப யாருக்குமே கேக்காதான்னு கேப்பா. என்ன சொல்லுவ?" என்றார். "இவ்வளவு பெருசா நம்பிட்டிருக்கிற புள்ளகிட்ட, அங்க ஒண்ணும் இல்லன்னு நம்ம வாயாலயே சொல்றதா?"

"சொல்லலைன்னா, தன்னை மட்டும் ஒதுக்கிட்டார்னு நெனச்சுட்டே வளரும்ங்க."

நாத்தனார் மெதுவாக, "வேணும்னா நான் கதவுக்குப் பின்னாடி நின்னு ஒரு வார்த்தை பேசிடட்டுமா அண்ணி?" என்றாள்.

"கோலியாத் குரல்லயா?" என்றார் அவள் அண்ணன். "புள்ள பயந்து வீட்ட விட்டே ஓடிடும்."

சிரித்துவிட்டோம். ஆனாலும் நாத்தனாரின் கண் கலங்கியிருந்தது, வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. என்ன செய்வது என்று முடிவுக்கு வராமலே மேசைக்குப் போனோம். அன்றைக்கு என்ன கதை என்று பார்த்தால், வந்தது சாமுவேல். ஆலயத்தில் படுத்திருக்கிற சின்னப் பையனை ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கதை. இதை நாங்கள் தேடி எடுக்கவில்லை, வரிசையில் தானாக வந்தது. என் கணவர் புத்தகத்தைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

விளக்கு இன்னும் அணையவில்லை, பையன் படுத்திருந்தான் என்று ஆரம்பித்தார். ஆண்டவர் கூப்பிடும் இடம் வந்தது. சட்டப்படி தலைகள் குனிய வேண்டும். யாரும் குனியவில்லை. எல்லோரும் என் மடியைப் பார்த்தோம். மிளகு வழக்கம்போலக் குனிந்திருந்தாள். நாங்கள் குனியாததைக் கவனித்து நிமிர்ந்தாள்.

என் கணவர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். "இங்க பாருடா கண்ணு. ஆண்டவர் சொன்னதா இந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு. அதத்தான் நாங்க மனசுக்குள்ள வாசிக்கிறோம். ஒனக்கு இன்னும் வாசிக்கத் தெரியாதுல்ல, அதான். ஒன் காதுல ஒரு குறையும் இல்ல."

அவள் அந்த வரியை உற்றுப் பார்த்தாள். "இந்தக் கறுப்பு கறுப்பா இருக்கறதா?"

"ஆமா."

"அப்ப ஒங்களுக்கும் கேக்கலையா?"

இதைத்தான் பயந்துகொண்டிருந்தோம். பேருந்தில் நாற்பது பிள்ளைகளுக்குப் பட்டென்று தீர்ப்புச் சொல்கிறவர் புத்தகத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பொய் சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். சொன்னால்கூடப் பரவாயில்லை என்றும் நினைத்தேன்.

"இல்லடா," என்றார். "எனக்கு இதுவரைக்கும் காதால கேட்டதில்ல."

"அம்மாவுக்கு?"

"இல்ல," என்றேன்.

அத்தையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். இருவரும் இல்லை என்று தலையசைத்தார்கள். அவள் முகம் வாடும், அழுவாள் என்று நான் கைகளை இறுக்கிக்கொண்டேன். அவளோ தோள் இறங்க ஒரு பெருமூச்சு விட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றி வைக்கிறபோது விடுகிற மூச்சு.

"அப்ப என்னை மட்டும் விட்டுடல," என்றாள்.

மகனுக்கு என்ன தோன்றியதோ, தன் புத்தகத்தை அவள்முன் தள்ளினான். "இன்னைலேர்ந்து ஆண்டவர் நீதான். இந்த இடத்துல சாமுவேல், சாமுவேல்னு கூப்பிடணும். அவ்வளவுதான். கூப்பிடு, நான் ஓடி வர்றேன்." எந்தப் பாத்திரத்துக்காக அத்தையோடு மல்லுக்கட்டினானோ, அதை அவனே எடுத்துக் கொடுத்தான். என் பிள்ளையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

மிளகு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"வேணாம்," என்றாள். "நான் பேசிட்டா அவர் பேசறது எப்படிக் கேக்கும்?"

என் கணவர் மெதுவாகத் தன் புத்தகத்தை மூடினார். பிறகு நாத்தனார் மூடினாள், நானும் மூடினேன். மகன் தங்கையின் முன்னால் இருந்ததை மூடினான். வாசிக்க வரியே இல்லாமல் அந்த மேசையில் நாங்கள் சும்மா உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

முதலில் பிரிட்ஜின் ரீங்காரம் கேட்டது. பிறகு மாடிக் குழாயில் தண்ணீர் இறங்குவது, தெருவில் ஒரு சைக்கிள், என் நாத்தனார் எச்சில் விழுங்குவது. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. மௌனத்தோடேயே பிழைக்கிறவள் நான். என் பரிசோதனை அறையில் இருப்பது நாலு பக்கமும் பஞ்சு வைத்து அடைத்துச் செய்த மௌனம், உள்ளே எதுவும் வராது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இங்கே அந்த நிச்சயம் இல்லை. யாரோ வரப்போகிற வீட்டுக் கதவுபோல இது திறந்து கிடந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் தீர்ந்துபோக வேண்டாம் என்றும் இருந்தது.

குனிந்து பார்த்தேன். மிளகு வலது கையைப் பொத்தி மேசைமேல் வைத்திருந்தாள். கட்டைவிரல் மட்டும் மேலே தூக்கி நின்றது. கையில் இல்லாத பட்டனைப் பிடித்திருக்கிறாள் என்று புரிந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே, கேட்டால் மட்டும் அழுத்துவதற்காக. எதிரே இருந்த மகன் அதைப் பார்த்துத் தானும் அதே மாதிரி வைத்தான். ஏன் என்று கேட்காமலே அவன் அப்பாவும் அத்தையும் வைத்தார்கள். நானும் வைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவள் விரல் மடங்கவில்லை, தலையும் ஆடவில்லை. இரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டதுபோல நடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இன்னும் கேக்கல," என்றாள் கடைசியில். குரலில் வருத்தம் துளியும் இல்லை. "ஒங்களுக்கு?"

ஒவ்வொருவராக இல்லை என்றோம்.

"சரி, இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்," என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.