குமுஷ் என்று சொல்லாத கணினி

என் அக்கா குமுஷின் கணவர் திலெக், கிர்கிஸ்தானில் நரின் ஊர்ப் பக்கத்துக் கல்யாண விருந்துகளைத் தன் குரலாலேயே நடத்திக் கொடுத்தவர். யார் எழுந்து வாழ்த்துவது, எப்போது பாட்டு, யாரை எப்படிச் சீண்டுவது, எல்லாம் அவர் பொறுப்பு. நரம்பு நோய் வந்து முதலில் நாக்கு குழறியது. பிறகு கால், கை. கடைசியில் வலது கையில் ஒரு விரல் மட்டும் அவர் சொன்னதைக் கேட்டது.

அந்த விரலால் எழுத்துகளைத் தொட்டால் கணினி கிர்கிஸ் மொழியில் வாசிக்கும். யாரோ ஒரு மாணவர் விண்டோஸுக்கென்று எழுதிய மென்பொருள். குளிர் தொடங்கியபோது அந்தப் பழைய கணினி செத்துப்போனது. பிஷ்கெக்கிலிருந்து நான் கொண்டுபோன மடிக்கணினியில் இருந்ததோ லினக்ஸ்; விண்டோஸ் மென்பொருள் அதில் நேராக ஓடாது. நடுவில் 'ஒயின்' என்ற இன்னொரு மென்பொருளைப் போட்டு அதை ஓடவைத்தேன்.

"ஒயினா? நான் வோட்கா ஆளாச்சே மச்சான்" என்றது கணினி.

அக்கா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். அத்தான் அவளைக் கூப்பிட்டார்.

"க்ம்ஷ்."

கிர்கிஸை நாங்கள் ரஷ்ய எழுத்தில்தான் எழுதுகிறோம்; அதில் இல்லாத எங்கள் உகரம் ஒன்று திரையில் கேள்விக்குறியாக விழுந்தது. குரல் அதைத் தாண்டிப் போய்விட்டது. அக்காவின் பெயரில் அந்த எழுத்து இரண்டு தடவை வருகிறது.

"தும்முறீங்களா, என்னைக் கூப்பிடுறீங்களா?" என்றாள் அக்கா.

சரிசெய்யத் தெரியாமல் நான் தடுமாறிய நாட்களில் அத்தான் வேறு பெயர்களைத் தேடினார். "கேப்டன்" என்றார். "ஏ கோழி" என்றார். ஒரு காலையில் அக்கா அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "ஜானிம்" என்றது கணினி. என் உயிரே. ஊர் மாப்பிள்ளைகளையெல்லாம் மேடையில் அதைச் சொல்லவைத்தவர், வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

அக்கா துணியும் கையுமாக நின்றாள். "தம்பி இருக்கான்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அதுவே அவள் பெயரானது.

இணையத்தில் என் கேள்வியைப் பார்த்து அல்மாத்தியிலிருந்து ஒரு பெண் வழி சொன்னாள். அந்த மென்பொருள் தேடிய பழைய எழுத்து அட்டவணையை ஒயினுக்குள் சேர்த்ததும் கேள்விக்குறிகள் மறைந்தன. "குமுஷ்" என்றது கணினி, தெளிவாக. அக்கா அழுதாள். அன்று முழுக்க குமுஷ் தண்ணி, குமுஷ் ஜன்னல், சும்மாவே குமுஷ்.

சில நாள் கழித்து அக்கா கேட்டாள். "அந்தப் பேரு அவ்வளவுதானா?"

விரல் மெல்ல நகர்ந்தது. "அது மிஷின் கெட்டிருந்தப்ப. இப்ப வெக்கமா இருக்கு."

"யாரு கேக்கப்போறா?"

"உன் தம்பி இருக்கான்."

நிலக்கரி எடுக்கிற சாக்கில் நான் வெளியே போனேன். உள்ளே கணினி ஏதோ சொன்னது. எனக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் அந்த விரலும் நின்றது. நான் திரையை நெருக்கி வைத்தேன், எழுத்துகளைப் பெரிதாக்கினேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே மூச்சும் அடங்கியது.

முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். எங்கள் வழக்கப்படி ஆண்கள் வெளியே நின்று வாய்விட்டு அழுதோம். அக்கா உள்ளே, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பாரி பாடினாள். அவர் ஏறிய குதிரையைப் பாடினாள், ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்ட அவர் குரலைப் பாடினாள். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி, ஜானிம் என்ற அந்தப் பெயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வரும் வரும் என்று நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.