பொறந்த ஊட்டுச் சீக்கு

ஜீவானந்தத்தின் முன்னால் வைத்த காப்பியில் ஆடை படர்ந்துவிட்டது. எடுத்துக் குடிக்க அவனுக்கு மனசு வரவில்லை. காலையில் எருமப்பட்டியில் வெங்காயக் காட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவனைப் போனில் கூப்பிட்டு, அக்கா விஷயமாகப் பேச வேண்டும், உடனே வா என்று சொல்லியிருந்தார் சுவாமிநாதன். அக்கா செத்துத்தான் போய்விட்டாளோ என்று பதறி, தெரிந்தவரிடம் காரை இரவல் வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். இங்கே அவனுக்காக நடுக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. சுவரோரமாக அக்காவின் துணிமணிகள் அடைத்த பையும் இருந்தது.

அந்த அக்கா பெருமாயி, சமையல்கட்டு வாசற்படிக்கு உள்ளே சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். சுவாமிநாதன் அவள் புருஷன் கண்ணுசாமிக்கு அண்ணன். மூத்தவர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குத் தம்பி பெண்டாட்டி வருகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கல்யாணமாகி வந்த இருபத்துநாலு வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணுவதற்கு அவள் விரல்கள் நீண்டால் அல்லவா? முட்டிக்கு முட்டி வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எட்டு வருஷமாக அவை எதற்கும் மடங்குவதுமில்லை, நிமிர்வதுமில்லை. இப்போது ஒரு வருஷமாக மூச்சும் சேர்ந்து வாங்கியது. கூடத்திலிருந்து கிணற்றடிக்குப் போய் வர நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது.

சுவாமிநாதன் கெட்ட வார்த்தை ஒன்று பேசுகிறவரில்லை. வெல்லம் கரைத்து ஊற்றுகிற மாதிரிதான் பேசுவார்.

"நாங்க வெச்சுப் பாக்க மாட்டோம்னு இல்லீங்க மாப்ள. பெருமாயி இந்த ஊட்டுக்கு உழைச்சவதான். ஆனா இது வாதம். உங்கம்மாளுக்கும் இதே கைதானே? பொறந்த ஊட்டுச் சீக்குன்னா பொறந்த ஊட்டுலதான் பாத்துக்கோணும். நம்ம சனத்துல காலங்காலமா அப்படித்தானுங்களே நடக்குது."

ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவின் கை அப்படித்தான் இருந்தது என்பது உண்மை. கடைசி மூன்று வருஷம் அந்த அம்மாள் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் கிடந்தாள், சோற்றை யாராவது ஊட்டிவிட வேண்டியிருந்தது. அந்தச் சாய்ப்புதான் இப்போதும் அவன் வீட்டில் காலியாக இருக்கிற ஒரே இடம். அக்காவைக் கூட்டிப்போய் எங்கே படுக்கவைப்பது, வீட்டுக்காரியிடம் என்ன சொல்வது என்று அவன் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருப்பது, வாசற்படிக்கு உள்ளே நின்ற பெருமாயிக்கு அவன் பிடரியைப் பார்த்தே தெரிந்தது. பாவம், அவன் என்ன செய்வான் என்று அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

சுவாமிநாதனுடைய மில் புதுச்சத்திரத்துக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. காடுகளில் கிடக்கிற வெங்கச்சங்கல்லை, அந்த வெள்ளைக்கல்லைத்தான், டிராக்டரில் கொண்டுவந்து உடைத்து, மாவாக அரைத்து, மூட்டை பிடித்து அனுப்புவார்கள். டைல்ஸுக்குப் போகும், கண்ணாடிக்குப் போகும், மிச்சம் கோலமாவாகவும் போகும். கண்ணுசாமி டிராக்டர் ஓட்டினான். பெருமாயி மூட்டை தைத்தாள். கூலிக்காரிகளுக்குச் சனிக்கிழமை கூலி உண்டு. வீட்டு மனுஷிக்கு எதற்குக் கூலி? நம் மில் அல்லவா? ரிஜிஸ்டரில் பெயர் எதற்கு? நம் வீட்டுப் பெண்ணின் பெயரைக் கூலிக்காரிகளோடு சேர்த்து எழுதினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்த மரியாதையில் பதினேழு வருஷம் ஓடியது.

விரல் வீங்கிக் கோணி ஊசி பிடிக்க முடியாமல் போனபோது, சுவாமிநாதன் மனமிரங்கித்தான் அவளுக்கு வேலை மாற்றிக் கொடுத்தார். அதையும் சொல்ல வேண்டும். நின்று கஷ்டப்பட வேண்டாம், உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை கொடுங்கள் என்று ஆள் விட்டுச் சொன்னார். அந்த மில்லில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். அரைத்த மாவு கொட்டுகிற குழாய்க்குக் கீழே சாக்கின் வாயை விரித்துப் பிடிக்க வேண்டும். விரல் வேண்டாம், முழங்கை போதும். மில்லிலேயே தூசி அதிகம் பறக்கிற இடமும் அதுதான். எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாது. மற்றவர்கள் மூக்குக்குத் துணி கட்டிக்கொள்வார்கள். பெருமாயிக்குத் தலைக்குப் பின்னால் கயிற்றை முடிபோட விரல் ஒத்துழைக்கவில்லை. முதல் வாரம் பக்கத்தில் இருந்த ஜோதி கட்டிவிட்டாள். தினமும் இன்னொருத்தியைக் கெஞ்சக் கூச்சமாக இருந்ததால் பிறகு சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். எட்டு வருஷம் அப்படியே போயிற்று.

இருமல் வந்ததும் உள்ளூர் டாக்டர் காசநோய் என்றார். சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தும் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஆயிற்று. ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் இனியா கைக்குழந்தையோடு வருவதாகச் சொன்னபோது வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை முடிந்தும் இருமல் முடியவில்லை. அப்புறம்தான் போன வாரம் கண்ணுசாமி அவளைப் பஸ்ஸில் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே மோகனப்பிரியா என்று ஒரு சின்ன வயது டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள், பெருமாயியின் கைகளைப் பார்த்தாள், மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தாள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். வீட்டு வேலை என்றாள் பெருமாயி. அது அவளுக்குப் பழகிப்போன பதில். மில்லைச் சோதிக்க அதிகாரிகள் வரும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் சொல்ல வேண்டியது அதுதான்: வீட்டில்தான் இருக்கிறோம், சோறு கொடுக்க வந்தோம். எத்தனையோ தடவை சொன்னதில் அவளுக்கே அது நிஜம்போல ஆகிவிட்டது. உள்ளூர் டாக்டரிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். அவர் காசநோய் என்று நினைத்ததில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

மோகனப்பிரியா விடவில்லை. கண்ணுசாமி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "வீட்டு வேலையில இவ்வளவு கல்லுத்தூசி நெஞ்சுக்குள்ள போகாதும்மா" என்றாள். அதட்டலாகச் சொல்லவில்லை. அதனாலோ என்னவோ பெருமாயி அழுதுவிட்டாள், எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினாள். கையில் இருப்பது முடக்குவாதம், நெஞ்சில் இருப்பது கல்தூசி. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் நுரையீரலில் கட்டி கட்டியாக எழும்பும். கைக்கு மருந்து உண்டு. நெஞ்சில் உறைந்த தூசியைத் திரும்ப எடுக்க மருந்து இல்லை, இனிமேல் தூசி பக்கமே போகாமல் இருந்தால் உள்ளதைக் காப்பாற்றலாம். மில்லில் வேலை பார்த்ததற்கு ஏதாவது அத்தாட்சி கொண்டுவந்தால், தூசியால் வந்த நோய் என்று எழுதி மேலே அனுப்பலாம், மற்ற பெண்களையும் கூப்பிட்டுச் சோதிக்கலாம். முதலாளி கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் போதும். கடைசியாக, உங்கள் ஊரில் இதே மாதிரி இருமி யாராவது இறந்திருக்கிறார்களா என்று கேட்டாள். பெருமாயி யோசித்துப் பார்த்து, அப்படி யாருமில்லை என்றாள்.

அந்தக் கடிதத்தைத்தான் அவள் கேட்டாள். புருஷனிடம் சொன்னாள், புருஷன் அண்ணனிடம் சொன்னான். பதிலாக இன்றைக்குத் தம்பி வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"சரிங்க மாமா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான் ஜீவானந்தம்.

சுவாமிநாதன் மனைவி முத்தாயம்மாள் உடனே எழுந்து பையைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தாள். கண்ணுசாமி தரையைப் பார்த்தபடி இருந்தான். இருபத்துநாலு வருஷம் கூட வாழ்ந்தவன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்வான் என்று பெருமாயி காத்துப் பார்த்தாள். காத்திருந்ததில் கால்தான் வலித்தது. அவளுக்கு எல்லாம் சலித்துப்போயிற்று. பயப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

வாசற்படியைத் தாண்டி அவள் கூடத்துக்கு வந்தாள். காலி நாற்காலி ஒன்றை முழங்கையால் அணைத்து இழுத்து, சுவாமிநாதனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன அம்மிணி இது, மாமா முன்னால" என்றாள் முத்தாயம்மாள்.

"நிக்க மூச்சு இல்லீங்கக்கா" என்றாள் பெருமாயி. சற்று இளைப்பாறி, மூத்தவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "கை எங்கம்மா குடுத்ததுங்க மாமா. அதை நான் இல்லேங்கலை. அது பொறந்த ஊட்டுச் சீக்குத்தான். தம்பி வேணும்னா வைத்தியம் பாக்கட்டும்." மூச்சு முட்டியது. நிறுத்தி இழுத்துக்கொண்டாள். "நெஞ்சு இந்த ஊட்டு மில்லு குடுத்ததுங்க. அதை எந்த ஊட்டுக்கு அனுப்பறீங்க?"

சுவாமிநாதன் கோபிக்கவில்லை, சிரித்தார். "நீ எப்பம்மா மில்லுல வேலை பாத்தெ? ரிஜிஸ்டர்ல உன்ற பேரே இல்லையே. சோறு கொண்டாருவெ, சித்தெ நேரம் உக்காந்துட்டுப் போவெ."

பெருமாயி அவர் தலைக்கு மேலே பார்த்தாள். ஆயுத பூசை தோறும் மில் வாசலில் எல்லாரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, சட்டம் போட்டு அந்தக் கூடத்தில் வரிசையாக மாட்டிவைப்பது சுவாமிநாதனுக்குப் பெருமை. மில் ஆரம்பித்த வருஷத்திலிருந்து பதினேழு படங்கள் இருந்தன. முதல் படத்தில் பெருமாயி பொரித் தட்டை ஏந்தி நின்றாள், பத்து விரலும் நேராக இருந்தன. நடுவில் ஒரு படத்தில் கையைச் சேலைக்குள் மறைத்திருந்தாள். கடைசிப் படத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள், புருவம் வரைக்கும் வெள்ளை அப்பியிருந்தது.

"பதினேழு வருசம் ஆயித பூசையன்னிக்கு மட்டும் சோறு கொண்டாந்தனுங்களா?" என்று கேட்டாள்.

அவள் கண் படங்களிலேயே நின்றது. மூன்றாவது படத்தில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அவள் பக்கத்தில் ராமாயி, பின்வரிசையில் ராசாத்தி, ஓரத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஜோதி. ராமாயிக்கு இருமல் வந்ததும் பொறந்த ஊட்டுச் சீக்கு என்று மல்லசமுத்திரத்துக்கு அனுப்பினார்கள். ராசாத்தியைச் சேந்தமங்கலத்துக்கு அனுப்பினார்கள். ஜோதியை அவள் அண்ணன் மோகனூரிலிருந்து வந்து, இதே மாதிரி ஒரு பையோடுதான் கூட்டிப்போனான். அனுப்பி ஆறு மாதத்துக்குள், ஒரு வருஷத்துக்குள், ஒவ்வொருத்திக்கும் எழவு சொல்லி ஆள் வந்தது. துக்கத்துக்கு இங்கிருந்து வேன் வைத்துக்கூடப் போய்வந்தார்கள். வேனுக்குச் சொல்லிவிட்டவர் சுவாமிநாதன்தான்.

பெருமாயிக்கு, டாக்டரிடம் தான் சொன்ன பதில் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சாமி, அந்த மூணாவது போட்டோவையும் கடைசிப் போட்டோவையும் கழட்டி எடு" என்றாள் தம்பியிடம்.

ஜீவானந்தம் விழித்தான். அக்கா முகத்தைப் பார்த்தான், எழுந்துபோய் எக்கிக் கழற்றினான். எந்தக் கடிதத்துக்கும் கையெழுத்துக் கேட்காமல் அவள் எழுந்ததுதான் சுவாமிநாதனை உலுக்கியது போலிருக்கிறது.

"மாப்ள, அது எங்க ஊட்டுப் போட்டோ" என்றார். குரலில் வெல்லம் இல்லை.

"எங்கக்காளும் அதுல இருக்கறாங்களே மாமா" என்றான் ஜீவானந்தம். சொல்லிவிட்டுத் தானே பயந்தவன் மாதிரி படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

பெருமாயி பின்னாலேயே போனாள். வாசலில் முத்தாயம்மாள் காலையில் போட்ட கோலம், மில் மாவில் போட்டது, பளிச்சென்று இருந்தது. ஜீவானந்தம் பையை எடுக்கக் குனிந்தான். வேண்டாம் என்று அவள் தடுத்தாள்.

"பை இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் வந்துருவேன்" என்று உள்ளே கேட்கும்படி சொன்னாள். கண்ணுசாமி தலையை நிமிர்த்திப் பார்த்தான். பார்த்ததோடு சரி.

கார் மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஜீவானந்தம் பழக்கத்தில் நாமக்கல் பக்கம் திருப்பப் பார்த்தான். சேலத்துக்குப் போ என்று அவள் சொன்னாள். மடியில் படங்கள் கனத்தன. கண்ணாடியின்மேல் படிந்திருந்த தூசியை முழங்கையால் துடைத்துவிட்டு ஜோதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் என்ன சொல்லப் போகிறாய் என்று தம்பி கேட்டான்.

"அந்த டாக்டரம்மா கேட்டுச்சு சாமி, உங்கூர்ல யாராச்சும் இப்படி இருமிச் செத்திருக்காங்களான்னு. நான் யாருமில்லேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பொய்யில்லையே அது. எங்கூர்ல ஒருத்தியையும் சாக உடலையே."