நீல மூடி கிரைண்டர்

நூற்றுப் பதினெட்டுக் கேள்விகளுக்கும், எங்கள் பழைய படிவங்களைப் பார்த்து, ஏஐ நாலே நிமிடத்தில் பதில் எழுதிவிட்டது. எனக்குத்தான் நாற்காலியில் உட்கார முடியவில்லை. திருவான்மியூரில் ஒரு பள்ளிக்கூடம், நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. நாலு மணிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். ஆர்டர் கிடைத்தால் கச்சேரி ரோட்டுச் சந்தில் என் அத்தா ஷாஹுல் ஹமீது நடத்தும் கேட்டரிங் பிழைக்கும். கிடைக்காவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இதை அத்தா காலையிலிருந்து ஆறு தடவை சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில், அதை எவ்வளவு நம்பலாம் என்று ஏஐ ஒரு சதவீதம் போட்டிருந்தது. ஐம்பதுக்குக் கீழே இருந்ததையெல்லாம் விழுந்தடித்துக்கொண்டு சரிபார்த்தேன். தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுத்தேன், தீயணைப்பு சிலிண்டரைத் தூசி தட்டித் தேதி பார்த்தேன். தொண்ணூறுக்கு மேல் இருந்தவற்றைத் தொடவே இல்லை.

மூன்று மணிக்குப் பள்ளியில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பார்க்கும் ஸ்ரீரஞ்சனி மேடம் கூப்பிட்டார்.

"தபஸ்ஸும், தப்பா நெனச்சுக்காதேங்கோ. அறுபத்து மூணாவது கேள்விய மட்டும் இன்னொரு தரம் பாத்துடுங்கோ. மூணாங்கிளாஸ்ல ஒரு பையன். வேர்க்கடலை துளி பட்டாக்கூட மூச்சு அடைச்சுடும். போன வருஷம் ஐசியூ வரைக்கும் போயிட்டு வந்தான்."

பார்த்தேன். வேர்க்கடலை அரைக்கத் தனி கிரைண்டர் உண்டா? 'உண்டு. நீல மூடி போட்ட தனி கிரைண்டர்.' தொண்ணூற்றெட்டு சதவீதம். காரணமும் போட்டிருந்தது: மூன்று பழைய படிவங்களில் மூடியின் நிறம் உட்பட எல்லா விவரமும் ஒத்துப்போகிறதாம்.

அந்த மூன்றையும் எழுதியவள் நான்தான். முதல் படிவம் இரண்டு வருடத்துக்கு முன் நந்தனத்து ஆபீஸ் ஒன்றுக்கு. கீழே சமையலறைக்கு இறங்கிப் போய்க் கேட்கச் சோம்பல். வெறும் 'உண்டு' என்றால் நம்ப மாட்டார்களோ என்று நீல மூடியையும் சேர்த்துப் போட்டேன். மற்ற இரண்டும் அதைப் பார்த்து எழுதியவை. காலையில்தான், "இந்த ஏஐ நல்லா கதை விடும் அத்தா, ஜாக்கிரதையா இருக்கணும்" என்று பெரிய மேதாவியாகப் பேசியிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். எங்கள் சமையல் பண்டாரி பீர் முஹம்மது மாமா பிரியாணி தேக்சாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, கடல அரைக்கத் தனி கிரைண்டர் இருக்கா?"

"இன்னாமா கேக்கற? ஒண்ணே ஒண்ணுதான் கீது. பிரியாணிக்குத் தொட்டுக்கிற கத்திரிக்காய்க்குக் கடல அரச்சுட்டு, நல்லா அலசிட்டு, அதுலயே இஞ்சி பூண்டு போடுவேன்."

இஞ்சி பூண்டு எங்கள் சமையலில் எதில்தான் இல்லை? பாயசத்தில் மட்டும் இல்லை.

அதற்குள் அத்தா வந்துவிட்டார். "உண்டுன்னே போடு. நாளைக்கே ஒண்ணு வாங்கிக்கினு வந்துர்றேன். நீல மூடியாவே பாத்து வாங்கறேன்."

எனக்கும் அந்த ஆசைதான். அது எனக்கே கேவலமாக இருந்தது. அந்தப் பையனை நினைத்துக்கொண்டு 'இல்லை' என்று தட்டினேன். உடனே சிவப்பெழுத்தில் வந்தது: முந்தைய மூன்று பதில்களுக்கு முரண். நம்பகம் ஒன்பது சதவீதம். பழைய பதிலையே வைக்கலாமா?

"பாரு, அதுவே சொல்லுது," என்றார் அத்தா.

மனசு மாறுவதற்குள் ஸ்ரீரஞ்சனி மேடத்தைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "மேடம், தனி கிரைண்டர் இல்ல. உண்டுன்னு நான் எழுதி வெச்சிருந்தது பொய்."

"சொன்னதுக்குத் தேங்க்ஸ்மா. கிரைண்டர் புதுசா வாங்கிக்கலாம். மீதி நூத்திப் பதினேழும் நீங்க நேர்ல பாத்து எழுதினதுதானே?"

"இல்ல மேடம்."

"அப்போ எல்லாத்தையும் பாத்துட்டு அனுப்புங்கோ. நாலு மணிக்கு லிங்க் மூடிடும். அது என் கையில இல்லே."

மணி மூன்று இருபது. அத்தா திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் என் கையிலிருந்த லேப்டாப்பை வாங்கி, காய் நறுக்கும் மேடையைத் துடைத்து அதில் வைத்தார்.

"மொதக் கேள்வி இன்னா? படி."

படித்தேன். சமையலறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? பதினான்கு. தொண்ணூற்றொன்பது சதவீதம்.

அத்தா திரும்பி நின்று ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். பீர் மாமாவையும் சேர்த்து மொத்தமே ஒன்பது பேர்தான்.