எதிர்ப்புச் சக்தி ஊசி

சைரகுல் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் பிஷ்கெக் நகரமே இடிந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். மேல்மாடி டாக்டர்கள் கிள்ளி அனுப்பும் சதைத் துணுக்குகளைப் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறாள். சொன்னால் சொன்னதுதான். அவள் எழுதியதை நம்பாமல் மாஸ்கோவுக்கு அனுப்பி மூக்குடைபட்ட இரண்டு பேரின் கதையை, கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

அன்று அவள் பார்த்தது எல்தியாரின் குடல். கோச்கோர் ஊர்க்காரன், வயது இருபத்தேழு. குதிரை மேலிருந்தபடி ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு ஓடும் கோக்-போரு ஆட்டத்தில் பேர் போனவன். வயிற்றுவலியும் ரத்தப்போக்கும் வந்தபோது ஊர்ப்பக்கத்து டாக்டர்கள் குடல் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். எண்பத்திரண்டு கிலோ இருந்தவன் ஐம்பத்தாறுக்கு வந்ததுதான் மிச்சம்.

மார்ச் மாதம் அவனுடைய முதல் துணுக்கு வந்தபோதே சைரகுல் அதை ஒரே பார்வையில் அடித்துப்போட்டாள். காசநோய் என்றால் செல்கள் கூடி நிற்கும் முடிச்சின் நடுவே சதை செத்துப் பாலாடைக்கட்டிபோல உதிர்ந்து கிடக்கும். இங்கே முடிச்சு உண்டு, சாவு இல்லை, கிருமியும் இல்லை. காவலுக்கு வந்த எதிர்ப்புச் செல்களே குடலை எதிரியென்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தன. க்ரோன் நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தச் செல்களை அடக்கும் மருந்து தொடங்கியது.

எட்டு வாரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அறுவை மருத்துவர் மத்ராயிமுக்குப் பொறுமை போய்விட்டது. பெருங்குடலை எடுத்துவிட்டு, மலம் இறங்க வயிற்றில் பை வைத்துவிடலாம் என்றார். மதியம் டாக்டர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். வயிற்றில் பையோடு அந்த முட்டி மோதும் ஆட்டத்துக்கு எவனும் குதிரை ஏற முடியாது.

புதுத் துணுக்கை மூன்று முறை பார்த்தாள். நோய் அதேதான், அதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் செல்கள் அடங்கவில்லை, முன்னைவிடக் கூடியிருந்தன. ஒரு பக்கம் இவர்கள் தணிக்க, மறுபக்கம் யாரோ கிளறிவிடுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. நோயாளியைப் பார்க்க மாடியேறும் வழக்கமே இல்லாதவள் அன்று ஏறினாள்.

எல்தியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் மனைவி பெர்மெத் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். வேறு என்ன மருந்து கொடுக்கிறாய் என்று சைரகுல் கேட்டதும், அவள், மூத்த பெண்களை அக்கா முறையில் கூப்பிடும் ‘எஜே’ என்ற மரியாதையோடு, ஒளிவுமறைவு இல்லாமல் பையிலிருந்து ஊசிமருந்துப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"எதிர்ப்புச் சக்தி ஏத்துற ஊசி, எஜே. ஒருநாள் விட்டு ஒருநாள் நானே போட்டுவிடுறேன். பக்கத்து வீட்டு நர்ஸக்கா சொல்லிக் குடுத்தாங்க."

"யாரைக் கேட்டு போட்ட?"

"நீங்கதான சொன்னீங்க."

சைரகுலுக்குச் சுருக்கென்றது. மார்ச்சில் மாடிப்படியில் இந்தப் பெண்தான் ஓடிவந்து என்ன நோய் என்று கேட்டாள். டீக்குப் போகும் அவசரத்தில் சைரகுல், எல்லாம் எதிர்ப்புச் சக்தியில் வந்த கோளாறு என்று நடந்தபடியே சொல்லிவிட்டுப் போனாள். இந்த ஊரில் பிள்ளை தும்மினாலே எதிர்ப்புச் சக்தியை ஏற்ற வேண்டும் என்று நாட்டு மருந்தான வளைக்கரடிக் கொழுப்பையும் கடையில் விற்கும் சொட்டு மருந்தையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதை இறக்க வேண்டிய நோயும் உண்டென்று யாருக்குத் தெரியும்? சைரகுலின் மகள்கூட ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தன் பிள்ளைக்கு அந்தச் சொட்டு மருந்தைக் கொடுக்கிறாள். சைரகுல் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

இனிமேல் போடாதே என்று சொல்லி, பெட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பெண்டாட்டி அறியாமல் செய்துவிட்டாள் என்று கூட்டத்தில் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். படியிறங்கும்வரை அந்த யோசனை அவளை விடவில்லை, அதற்காக அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பு வந்தது.

கூட்டத்தில் மத்ராயிம் பேச ஆரம்பிக்குமுன் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"நான் எழுதினது சரி. நான் பேசினதுதான் தப்பு," என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "ஊசியை நிறுத்தியாச்சு. ஆறு வாரம் குடுங்க. அப்பவும் அடங்கலன்னா வெட்டுங்க, நானே கையெழுத்துப் போடுறேன்."

மத்ராயிம் கண்ணாடியைக் கழற்றினார். "தப்புங்கிற வார்த்தையை உன் வாயில இன்னைக்குத்தான் கேக்குறேன் சைரகுல். இதுக்காகவே ஆறு வாரம் குடுக்கலாம்."

ஆறு வாரம் கழித்து வந்த துணுக்கில் முடிச்சுகள் கலைந்திருந்தன. தெரிந்ததுதானே என்று முணுமுணுத்தாலும் அவள் கண் கலங்கியது. அறிக்கையை எழுதுமுன்பே மாடியேறினாள்.

எல்தியார் ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். செல்கள் அடங்கிவிட்டன என்று கேட்டதும் பெர்மெத் அழுதாள். அழுது முடித்து, பயந்த மாதிரிக் கேட்டாள். "எதிர்ப்புச் சக்தி இறங்கிட்டா வேற நோய் வந்துடாதா, எஜே? அன்னைக்கு மாதிரி நின்னபடி சொல்லிட்டுப் போயிடாதீங்க."

கீழே அவளுக்காக டீ ஆறிக்கொண்டிருந்தது. சைரகுல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.