புறங்கை எண்ணெய்

வசந்தகுமாரி அத்தை எண்ணெயைப் புறங்கையால் தொட்டு, தன் அண்ணன் சின்னசாமியின் உச்சந்தலையில் மூன்று முறை வைத்தாள். பிறகு கிண்ணம் அவர் மகள் கவிப்பிரியாவிடம் வந்தது. அவள் பாட்டுக்கு உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அப்பாவின் தலையைத் தேய்க்கப் போனாள்.

"கைய திருப்பிக்கோ கவி" என்று அத்தை அடிக்குரலில் சொன்னாள்.

உள்ளங்கை உயிரோடு இருக்கிறவர்களுக்கு. இது தெரியாமலா இத்தனை வருடம் அயர்லாந்தில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு நம் பழக்கவழக்கமெல்லாம் சொல்லிக் கொடுத்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. கையைத் திருப்பி வைத்தாள். அப்பாவின் தலை சில்லென்று இருந்தது.

பொழுது விடிந்தால் தீபாவளி. அதற்காகத்தான் ஆறு வயது நிஷாவையும் மூன்று வயது சரணையும் கூட்டிக்கொண்டு மேனாம்பேட்டில் அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. போன வருடம் அவள் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை, அதற்கு முந்தைய வருடமும் அப்படித்தான். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்ந்த மனுஷன் அப்பா, பேரப்பிள்ளைகளுக்கென்று வெடியும் மத்தாப்பும் வாங்கி அலமாரிமேல் அடுக்கி வைத்திருந்தார். இன்று காலையில் காபி கேட்டார். கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பாகு காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே இறக்கி வைத்துவிட்டு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல ஜனங்கள். ஆனாலும் பண்டிகையாயிற்றே, எப்போது எடுப்பீர்கள் என்று ஆளாளுக்கு வந்து நாசூக்காகக் கேட்டுவிட்டுப் போனார்கள். இருட்டுவதற்குள் எடுத்துவிடலாம் என்று கவிப்பிரியாவின் தம்பி டில்லிபாபு முடிவு செய்தான்.

நிஷாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் கவிப்பிரியா. காலையில் தாத்தா தூங்குகிறார் என்றாள். அப்புறம் உடம்பு சரியில்லை என்றாள். எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பதும், குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் தள்ளிப்போடுவதுமாகவே பகல் போய்விட்டது.

குளிப்பாட்டி முடித்து, தீபாவளிக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த வேட்டியையே கோடியாகக் கட்டினார்கள். நிஷா கூட்டத்துக்குள் புகுந்து வந்து அம்மாவின் முந்தானையை இழுத்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"அம்மா, தீபாவளி இன்னிக்கேவா? நாளைக்குன்னுதானே சொன்ன?"

கவிப்பிரியாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. தலைக்கு எண்ணெய், சீயக்காய், புதுத்துணி, வீடு நிறைய சொந்தக்காரர்கள். வாசலில் மேளக்காரர்களும், டில்லிபாபு அலமாரியிலிருந்து இறக்கிய சரவெடியும். விளக்கேற்றினாலே கூரையில் அலாரம் கத்தும் அந்த ஊர் ஃப்ளாட்டில், ராத்திரிதோறும் பக்கத்தில் படுக்கவைத்துத் தீபாவளி என்று அவள் சொன்னதெல்லாம் இவைதான். பிள்ளை ஒன்றையும் மறக்கவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

நெய்யில் நனைத்த துணி சுற்றிய குச்சியோடு அத்தை வந்தாள். பேரன் பேத்திகள் பந்தம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சரண் யார் மடியிலோ தூங்கிப் போயிருந்தான். வேண்டாம், பயந்துவிடுவாள் என்று கவிப்பிரியா நிஷாவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"உங்கப்பனுக்கு பேத்தினு இவ ஒருத்திதான் கீறா. புடிக்கட்டும் உடு" என்றாள் அத்தை. அவள் குரல் உடைந்திருந்தது. அதற்குமேல் தடுக்க முடியவில்லை.

நிஷா பயப்படவில்லை. பந்தத்தை வாங்கி, மத்தாப்புப் பிடிக்க அம்மா சொல்லிக் கொடுத்தபடி கையை நன்றாக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தாள். அப்புறம் மெல்ல ஒரு வட்டம் போட்டாள். இன்னொரு வட்டம். நெய் சொட்டி, துணி சடசடத்தது. டில்லிபாபு ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஹாப்பி தீபாவளி தாத்தா" என்றாள் நிஷா.

மேளம் நின்றிருந்த நேரம். எல்லோர் காதிலும் விழுந்தது. யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். அத்தை கவிப்பிரியாவையே பார்த்தாள். அவளுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

எடுத்தார்கள். தெருமுனை வரை சரவெடி வெடித்துக்கொண்டே போனது. நிஷா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குதித்தாள்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கவிப்பிரியா நிஷாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றினாள். குழந்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

"எண்ணெய் வைம்மா."

"நமக்கு எண்ணெய் கிடையாதுடா."

"தாத்தாவுக்கு எல்லாரும் வெச்சாங்களே?"

கவிப்பிரியா ஈரத்தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இது தீபாவளி இல்லடா. அம்மா பொய் சொல்லிட்டேன். தாத்தா செத்துப்போயிட்டாரு. இனிமே வரமாட்டாரு."

நிஷா குழாயைப் பார்த்தாள். அவளுக்குச் சாவு என்றால் தெரியும். பள்ளியில் வளர்த்த முயல் செத்தபோது இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவள்தான்.

"நான் ஹாப்பின்னு சொல்லிட்டேனே" என்றாள். உதடு கோணிக்கொண்டு வந்தது. "தாத்தா என்மேல கோச்சுக்குவாரா?"

"மாட்டாருடா. நீ சொன்னதுதான்..." கவிப்பிரியா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்தம் வெளியே போகாமலிருக்கப் புடவையைப் பல்லால் கடித்தாள்.

வெளியே தெருவில் முதல் வெடி வெடித்தது. அதற்கென்றே காத்திருந்ததுபோல் எதிர்வீட்டிலும் தொடங்கியது. நிஷா இந்த முறை காதைப் பொத்தவில்லை. வாளியில் கிடந்த சொம்பை இரண்டு கையாலும் தூக்கி, அம்மாவின் தலையில் ஊற்றினாள். பாதி தண்ணீர் தோளில் போனது. மறுபடி மொண்டாள். கண்ணில் விழாமலிருக்க அம்மாவின் நெற்றியில் ஒரு கையை அணையாக வைத்துக்கொண்டு ஊற்றினாள்.

"போதுமாம்மா?"

"இன்னும் ஊத்து" என்றாள் கவிப்பிரியா.