முதலிடத்தில் நளீர்

வளையல் கழலவில்லை. நாச்சியா மதினி சவர்க்காரத் தண்ணீரைத் தடவி, றுஸ்தாவின் கையை மடியில் வைத்து இழுத்தாள். ஜனாஸா வாசலைத் தாண்டிச் சற்று முன்புதான் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போயிருந்தது. ஆண்கள் எல்லாரும் பின்னாலேயே போய்விட்டார்கள். வீட்டில் பெண்களும் சாம்பிராணி வாசமும்தான்.

"கைய இறுக்காதகா. இத்தாவுல தங்கம் கிடக்கப்படாது."

"நான் இறுக்கல்ல மதினி. கை வீங்கிக் கிடக்கு."

ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்திய நளீர், கிட்னி பழுதாகி வாரம் தவறாமல் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்த நளீர், அன்று காலை கண்ணை மூடிவிட்டான். கூடப் பிறந்தவள் என்ற உரிமையில் மதினிதான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினாள். புருஷனை இழந்து இனி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டிய றுஸ்தாவுக்கு வெள்ளை உடுத்தினாள். அறை வாசலில் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினாள். அன்னிய ஆண் எவனும் இனி அவளைப் பார்க்கக் கூடாது.

மையவாடியிலிருந்து திரும்பிய மதினியின் மகன் றிம்சான், அந்தத் திரைக்கு வெளியே நின்றுதான் பேசினான்.

"மாமி, ஒரு சந்தோசமான விசயம். மாமா இந்த மாசம் சுடோகுப் போட்டியில முதலாவது. மாமாட போன்ல பாத்தன். பட்டியலப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்புல போட்டிரிக்கன். எல்லாரும் அழுறாங்க, துஆச் செய்றாங்க."

றுஸ்தா தன் போனைத் திறந்து பார்த்தாள். படத்துக்கு மேலே 'மௌத்தான பின்னும் முதலிடம்' என்று எழுதியிருந்தான். நிந்தவூரிலிருந்து மருதமுனை வரை சொந்தபந்தமெல்லாம் அதன் கீழே கண்ணீர் வடித்திருந்தது. உயிரோடு இருந்தபோது, "வேலை வெட்டி இல்லாதவன் கட்டம் நிரப்புறான்" என்று சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாசம் இன்னம் முடியல்ல" என்றாள்.

"என்ன மாமி?"

"போட்டி நடத்துறவங்க லண்டன்ல இரிக்காங்க. அவங்கட நடுச்சாமம் நமக்கு விடியச் சுபஹுக்குப் பொறகு. அது வரைக்கும் மாசம் கிடக்கு. இண்டைய கட்டத்த நான் இன்னம் போடல்ல. கெதியாப் பிழையில்லாமப் போட்டா அவரத் தாண்டிருவன்."

உள்ளே மதினி, சவர்க்கார நுரையோடு வளையலைப் பிடித்தபடி அவளை வெறித்தாள்.

"உனக்குப் பைத்தியமா புள்ள? மண்ணுக்குள்ள வச்ச ஈரம் காயல்ல, அவன்ட பேர இறக்கப் போறயா?"

"ஓம். இறக்கத்தான் போறன்."

"கிடக்கிறது கிடக்கட்டும் கிழவியத் தூக்கி மணையில வை எண்ட கதையாக் கிடக்கு. இத்தாவுல இரிக்கிறவளுக்கு விளையாட்டுக் கேக்குதா?"

"தங்கம் போடப்படாது. அத்தர் பூசப்படாது. வெளிய போகப்படாது. கட்டம் நிரப்பப்படாதெண்டு எந்தக் கிதாபுல இரிக்கி மதினி?"

மதினி றுஸ்தாவின் போனைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். வளையலும் அப்போதுதான் கழன்றது.

அன்றிரவு வீடு நிறைய ஆட்கள். யாசீன் ஓதினார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், நளீரின் நல்ல குணங்களைக் கதைத்தார்கள். றுஸ்தா சுவரில் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மணிக்கணக்காகக் கிடந்த சலிப்பில் அவன் பழகியது இந்த ஆட்டம். பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து அவளும் சேர்ந்துகொண்டாள். மாதக் கடைசி நாட்களில் எந்த இடம் என்று பார்க்கும்போது இருவருக்கும் சோறு ஆறிப்போகும். ஒரு மாதம் அவன், ஒரு மாதம் அவள். தோற்றவர்தான் அன்று தேத்தண்ணி ஊற்ற வேண்டும். அவன் ஊற்றும் தேத்தண்ணி வாயில் வைக்க ஏலாது.

சுபஹு தொழுது முடித்ததும் அவள் மதினியின் முன்னால் கையை நீட்டினாள்.

"தாங்க."

"புள்ள, ஒரு மாசந்தானே. விட்டுக் குடுத்தாக் குறைஞ்சா போவாய்?"

"ஒருக்கா விட்டுக் குடுத்தன் மதினி." நீட்டிய கையை றுஸ்தா இறக்கவில்லை. "ஊசி குத்தின கையோட வந்து படுத்துக் கிடந்தாரு. பாவமெண்டு ஒரு பெட்டிய நிரப்பாம வேணுமெண்டே நேரத்தக் கடத்தினன். அவரு வெண்டாரு. எந்த இலக்கத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்தனெண்டு அதுல காட்டும். பாத்திட்டாரு. ஒரு நாள் முழுக்க என்னோட கதைக்கல்ல. மறுகா சொன்னாரு, 'எனக்கு இரக்கம் காட்ட ஆஸ்பத்திரி நிறைய ஆள் இரிக்கி. வீட்டுல எனக்கு ஒரு எதிரியாச்சும் வேணும் புள்ள'ண்டு."

மதினி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அது இறுகிக் கிடந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.

கட்டம் கடினமாகத்தான் வந்தது. மேல் வரிசை சட்டென்று விழுந்தது, நடுவில் சிக்கியது. நான்கா ஏழா என்று ஒரு பெட்டி இரண்டுக்கும் இடம் கொடுத்து நின்றது. ஊகித்துப் போட்டால் நேரம் மிஞ்சும், பிழைத்தால் எல்லாம் போச்சு. நளீராக இருந்தால் ஊகித்திருப்பான், அவனுக்கு அந்தத் துணிச்சல் உண்டு. அவள் ஊகிக்கவில்லை. அந்த நிரையை முதலிலிருந்து எண்ணி, அதன் கடைசி இரண்டு பெட்டிகளில் மூன்றும் எட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். அவை இரண்டையும் ஒதுக்கியதும் பக்கத்துப் பெட்டிக்கு ஏழுதான் மிஞ்சியது, நான்கு தானாக விழுந்தது. கண்ணில் நீர் முட்டியது. துடைக்க நேரமில்லை, இமையைக் கொட்டிக் கொட்டியே மீதியை நிரப்பினாள்.

கடைசி இலக்கம் விழுந்ததும் பட்டியல் அசைந்தது. றுஸ்தா, நளீர், அதற்குக் கீழே நோர்வேக்காரர் ஒருவர்.

"வெண்டிட்டியா?" என்றாள் மதினி.

"ஓம்."

"அவன்?"

"ரெண்டாவது."

மதினி எழுந்து குசினிக்குப் போனாள். இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு திரும்பி வந்து, ஒன்றை றுஸ்தாவின் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். திரைக்கு வெளியே வெளிச்சம் வந்திருந்தது. போனில் பட்டியல் ஒருமுறை மறைந்து, புது மாதத்துக்கானது வந்தது. எல்லாருக்கும் நேரே சுழியம். யாரும் இன்னும் விளையாடாததால் சேர்ந்த வரிசைப்படி பெயர்கள் நின்றன. நளீர்தான் முதலில் சேர்ந்தவன்.

"இஞ்ச பாரு," மதினி விரலால் தொட்டுக் காட்டினாள். "திரும்ப மேல ஏறிட்டான்."

"ஏறட்டும்" என்றாள் றுஸ்தா.

தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்து, கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, அன்றைய கட்டத்தைத் திறந்தாள்.